பிடி விட்ட வைரம்

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவில் இறங்குபவருக்கு முதலில் தெரிவது வாவியும் வயலும்தான். கல் உடனே கண்ணில் படாது. ஆயித்தியமலை, உன்னிச்சை என்று மேற்கே போகப் போகத்தான் வயல் நடுவிலும் குளக்கட்டோரத்திலும் கரும்பாறைகள் தலைகாட்டத் தொடங்கும். கிழக்கிலங்கையின் பெரும்பகுதிக்கு அடித்தளமாகக் கிடக்கும் விஜயன் தொகுதிப் பாறை இது. ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு உருவாகி, ஐம்பது அறுபது கோடி ஆண்டுகளுக்கு முன்பு நிலத்தின் ஆழத்தில் மறுபடி வெந்து நசுங்கி, வரிவரியாக மடிந்துபோன கல். புவியியலாளர்கள் இதை நைஸ் என்ற இனத்தில் சேர்ப்பார்கள். ஊருக்கு இது கருங்கல்.

உடைத்த கல்லின் முகத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெளிர் வரியில் குவார்ட்ஸும் பெல்ட்ஸ்பாரும், கரு வரியில் மைக்காவும் ஹோன்பிளென்டும் இருக்கும். மோஸ் என்பவரின் கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. சாதாரண உருக்குக் கத்தி 5½ அளவில் நின்றுவிடும். ஆகவே உருக்கைக் கொண்டு இந்தக் கல்லை உடைக்கலாம், பிளக்கலாம், அம்மி கொத்தலாம், அறுக்க முடியாது. அறுப்பதென்றால் குவார்ட்ஸை விடக் கடினமான ஒன்று வேண்டும். அளவுகோலின் உச்சியில், 10இல், வைரம் உட்கார்ந்திருக்கிறது.

2009இல் போர் முடிந்து வீட்டுத்திட்டங்கள் வந்தபோது வாவிக்கு மேற்கே கிடக்கும் படுவான்கரையில் மேசன் வேலை பெருகியது. கூடவே நாலிஞ்சி கிரைண்டரும் பெருகியது. இன்று வாசற்படிக்குக் கல் நறுக்க, குசினி மேடைக்குப் பலகைக்கல் பொருத்த, கிணற்றடிக்குக் கல் பதிக்க, ரைல்ஸ் வெட்ட என்று வீட்டு முற்றத்திலேயே கல் அறுபடுகிறது. ஹார்ட்வெயார் கடையில் கிரைண்டரோடு சேர்த்து ஒரு டயமண்ட் பிளேட்டும் வாங்கலாம். பெட்டியில் வைரம் என்று போட்டிருப்பதாலேயே அதற்கு அழிவில்லை என்று வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார். அந்த நினைப்புத்தான் பாதி விபத்துக்குக் காரணம் என்பது என் கருத்து. பிளேட்டில் வைரம் தோற்பது அபூர்வம். வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகம், உலோகத்தைப் பிடித்திருக்கும் தகடு, தகட்டைப் பிடித்திருக்கும் நட்டு, கல்லைப் பிடித்திருக்கும் கால், இவற்றில் ஏதோ ஒன்றுதான் முதலில் கைவிடுகிறது.

முதலில் அந்தத் தகட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். நாலிஞ்சிப் பிளேட் ஒன்றேகால் மில்லிமீற்றர் கனமுள்ள வட்ட உருக்குத் தகடு. அதன் விளிம்பில் மட்டும் தகட்டை விடச் சற்றுத் தடித்த துண்டுகள் இருக்கும். கோபால்ற், இரும்பு, வெண்கலம் போன்ற உலோகத் தூள்களோடு வைரப் பொடியைக் கலந்து, அச்சில் அழுத்திச் சூடாக்கி இறுகவைத்த துண்டுகள் அவை. பிளேட்டுக்குப் பல் கிடையாது. துண்டுகளுக்கு நடுவே உள்ள வெட்டுகளைப் பலர் பல் என்று நினைக்கிறார்கள். அவை சூடு ஆறவும் தூள் வெளியேறவும் விட்ட வழிகள். பிளேட் கல்லை வெட்டுவதே இல்லை. திருவலை தேங்காயைச் செய்வதைத்தான் அது கல்லுக்குச் செய்கிறது. ஒவ்வொரு வைரமும் ஒரு கீறு கீறிவிட்டுப் போகும். அடுத்தது அதே இடத்தில் இன்னொரு கீறு.

கொஞ்ச நாள் ஓடிய பிளேட் கையில் கிடைத்தால் ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியோடு விளிம்பைப் பாருங்கள். மங்கிய உலோகப் பரப்பில் மஞ்சளும் பச்சையும் கலந்த சிறு மணிகள் துருத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மணிக்கும் பின்னால் உலோகம் ஒரு வால் விட்டிருக்கும். முன்பக்கத்து உலோகத்தைக் கல்தூள் அரித்துப் போய்விட, மணியின் நிழலில் இருந்த பகுதி மட்டும் தப்பி நிற்பதால் வந்த வால் அது. மணிக்கு முதுகு கொடுத்துத் தாங்குவதும் அந்த வால்தான். பிளேட்டின் முகத்தில் அச்சிட்டிருக்கும் அம்புக்குறி ஏன் என்பது இப்போது விளங்கும். ஓடிப் பழகிய பிளேட்டைத் திருப்பி மாட்டினால் வால் முன்னுக்கு வந்து, மணி முதுகுத் தாங்கல் இல்லாமல் நிற்கும். முதல் சில நிமிடங்களிலேயே நல்ல வைரங்கள் பிடுங்கப்பட்டுப் போகும். கழற்றி மாட்டும்போது அம்பைப் பார்க்காதவர்கள்தான் கூட.

வைரத்தைக் கொண்டு கல்லைக் குடைவது நமக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மன்னார் மாந்தையில் 1980களின் முற்பாதியில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அகழ்வு நடந்தது. அங்கே கிடைத்த கல்மணிகளை அமெரிக்காவில் குவினெற், கோரெலிக் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். இருவரும் பல் வைத்தியத் துறைக்காரர்கள்! பல்லுக்கு அச்செடுக்கும் சிலிக்கோன் பசையை மணியின் துளைக்குள் செலுத்தி, உள்சுவரின் அச்சைப் பிரித்தெடுத்து, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார்கள். சீரான வட்டக் கோடுகள் தெரிந்தன. தளர்ந்த பொடியைப் போட்டு உராய்ந்தால் வரும் தேய்வு வேறு. முனையில் பொருத்திய வைரம் கீறினால் வரும் கோடு வேறு. கி.பி. 700க்கும் 1000க்கும் இடையில் இலங்கையில் வைர முனைத் துளைப்பான் புழக்கத்தில் இருந்ததற்குச் சான்று என்று 1986இல் எழுதினார்கள். அந்த முனையை வில்லால் சுழற்றியவர் எவ்வளவு வேகம் கொடுத்திருப்பார்? இன்றைய கிரைண்டரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அவருடைய வைரம் கழன்று விழுந்தால் காலடியில் விழுந்திருக்கும்.

வேகமும் விலையும்தான் காலத்தை மாற்றின. 1885இல் பிரான்சில் ஃபெலிக்ஸ் ஃபுரோமோல் வட்டத் தகட்டின் விளிம்பில் வைரம் பதித்துக் கல் அறுத்தார். அது சுரங்க வைரம். கல் வியாபாரிக்கே கட்டுப்படியாகாத விலை. 1954 டிசம்பரில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ட்ரேசி ஹால் செயற்கை வைரத்தை ஆக்கிக் காட்டிய பிறகு, வைரம் ஒரு மலிவான அரிப்புத்தூள் ஆயிற்று. இன்று உலகத்தின் தொழில் வைரத்தில் மிகப் பெரும்பகுதி சீனத்து ஆலைகளில் விளைகிறது. வவுணதீவு முற்றத்தில் சுற்றும் பிளேட்டில் உள்ளதும் அந்த விளைச்சல்தான்.

இனிப் பிடி விடுவது எப்படி என்று பார்ப்போம்.

பிளேட் செய்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. வைரம் கூர் மழுங்கினால் அது விழ வேண்டும். விழுந்தால்தான் கீழே புதைந்திருக்கும் புது வைரம் வெளியே வரும். விழவைப்பது கல்தூள், அது உலோகத்தைத் தேய்க்கிறது. சீமெந்துக் கல், செங்கல் போன்றவற்றின் தூள் மணலாக உதிர்ந்து உலோகத்தை வேகமாகத் தின்னும். ஆகவே அவற்றுக்கு இறுகிய உலோகம் வேண்டும். கருங்கல்லின் தூளோ மிக நுண்ணியது, அவ்வளவு தின்னாது. ஆகவே கடினமான கல்லுக்கு இளகிய உலோகம் போட்ட பிளேட்டே பொருத்தம். இது பலருக்குத் தலைகீழாகத் தோன்றும். கடையில் போய் ‘கருங்கல் வெட்ட, நல்ல இறுகின பிளேட்டா தாங்க’ என்று கேட்பவர் தனக்குத் தானே வினை தேடிக்கொள்கிறார்.

இறுகிய பிளேட்டால் நைஸ் கல்லை அறுத்தால் நடப்பது இதுதான். வைரங்கள் மழுங்குகின்றன, ஆனால் விழுவதில்லை. விளிம்பு வழுவழுவென்று மினுங்கத் தொடங்குகிறது. வெட்டு முன்னேறாது, தீப்பொறி மட்டும் வளையமாகப் பறக்கும். பக்கத்தில் நிற்கும் மூத்தவர் ஒருவர் சொல்வார்: “நல்லா அமத்திப் பிடி மனே.” அறுப்பவன் அமத்துகிறான். கீறாமல் உராயும் பிளேட்டில் அமுக்கம் முழுவதும் சூடாக மாறுகிறது. தகட்டில் நீலம் படர்ந்தால் அந்த இடம் 300 பாகை செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று பொருள். தகடு நேராகச் சுற்றுவதற்காக அதற்குக் கொடுத்திருந்த உள்ளிறுக்கம் போய்விடுகிறது. பிளேட் ஆடத் தொடங்குகிறது. விளிம்பு 700 பாகையை நெருங்கினால் வைரமே காற்றில் கருகும். வெள்ளி கலந்த பற்றாசால் ஒட்டிய துண்டாக இருந்தால் பற்றாசும் ஏறத்தாழ அந்தச் சூட்டில்தான் உருகும்.

அமத்துவது மருந்தல்ல. மருந்து ஊர்க்கடையிலேயே இருக்கிறது: ஒரு சீமெந்துக் கல். மினுங்கிப் போன பிளேட்டால் அந்தக் கல்லில் மூன்று நான்கு முறை ஆழமில்லாமல் வெட்டினால் மணல் உலோகத்தைத் தின்று புது வைரத்தை வெளியே கொண்டுவரும். வைரத்தைத் தீட்டுவது மணல் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். செய்து காட்டினால் நம்புவார்கள். அதற்காக நாள் முழுதும் சீமெந்துக் கல்லே வெட்டினாலும் கேடுதான். அப்போது மணல், துண்டுக்குச் சற்றுக் கீழே உருக்குத் தகட்டையே அரித்துக் கழுத்தை மெலிய வைக்கும். துண்டில் இன்னும் பாதி வைரம் மிச்சமிருக்கும்போதே அது கழுத்தோடு முறிந்து பறக்கும்.

பறப்பது என்றால் எவ்வளவு வேகத்தில்? நாலிஞ்சி கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்றுச் சுற்றும். 105 மில்லிமீற்றர் பிளேட்டின் விளிம்பு அப்போது செக்கனுக்கு 60 மீற்றர், அதாவது மணிக்கு 215 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது. விளிம்பில் உள்ள மூன்று கிராம் துண்டு ஒன்றை வெளியே இழுக்கும் விசை ஏறத்தாழ 20 கிலோ பாரத்துக்குச் சமம். ஒரு நெல் மூட்டையில் கால்பங்குக்கு மேற்பட்ட பாரத்தை, நகத்தளவு ஒட்டு ஒன்று ஓயாமல் தாங்கிக்கொண்டிருக்கிறது. விட்டுவிட்டால் துண்டு நேர்கோட்டில் புறப்படும். முதலில் சந்திப்பது கிரைண்டரின் காவல் தகட்டை. அது இல்லையென்றால் பிடித்திருப்பவரின் முகத்தை.

காவல் தகடு ஏன் இல்லாமல் போகிறது? பெரும்பாலும் ஆழம் போதாமையால். நாலிஞ்சிப் பிளேட் மூன்று சென்ரிமீற்றர்தான் இறங்கும். தடித்த கல்லுக்கு அது காணாது. ஆகவே காவலைக் கழற்றி வீசிவிட்டு ஏழிஞ்சிப் பிளேட்டை அதே சின்னக் கிரைண்டரில் மாட்டுகிறார்கள். ஏழிஞ்சிப் பிளேட்டுக்கு உரிய கிரைண்டர் நிமிடத்துக்கு 8,500 சுற்றுத்தான் ஓடும். அப்போது விளிம்பு வேகம் செக்கனுக்கு 80 மீற்றர். பெரும்பாலான கைக்கருவிப் பிளேட்டுகளில் அச்சிட்டிருக்கும் எல்லையும் அதுவே. சின்னக் கிரைண்டரின் 11,000 சுற்றில் அதே பிளேட் 103 மீற்றரை எட்டுகிறது, மணிக்கு 370 கிலோமீற்றர். மூன்று கிராம் துண்டின் இழுவை 20இலிருந்து 35 கிலோவாகிறது. கழன்றால் அது கொண்டுபோகும் சக்தி ஏறத்தாழ மூன்று மடங்கு. உருக்குத் தகட்டுக்குள் ஏறும் தகைப்பும் அதே மூன்று மடங்கு. முன்பே கழுத்து மெலிந்த பிளேட்டாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் நிறுத்த முடிந்தால் இந்த அத்தியாயம் எழுதியதற்குப் பலன் உண்டு.

சின்ன விஷயம் போலத் தோன்றும் இன்னொன்று, நடுத்துளை. நாலிஞ்சிப் பிளேட்டின் துளை பொதுவாக 20 மில்லிமீற்றர். கிரைண்டரின் இருக்கை 16 மில்லிமீற்றர். இடைவெளியை நிரப்ப ஒரு மெல்லிய வளையம் பெட்டிக்குள் வரும். அந்த வளையம் எத்தனை முற்றங்களில் மண்ணுக்குள் கிடக்கிறதோ! வளையம் இல்லாமல் மாட்டினால் பிளேட் மையம் விட்டு இரண்டு மில்லிமீற்றர் வரை விலகி உட்காரும். நூறு கிராம் தகடு இரண்டு மில்லிமீற்றர் விலகிச் சுற்றினால் உண்டாகும் உதறல் 27 கிலோ. செக்கனுக்கு 183 தரம். கை மரத்துப்போவதும் நட்டு இளகுவதும் அதனால்தான். தகட்டில் துண்டுகளுக்கு நடுவே உள்ள வெட்டின் அடியிலிருந்து மயிரளவு வெடிப்புத் தொடங்குவதும் அதனால்தான். வெடிப்பைக் கண்ணால் காண முடியாவிட்டால் காதால் கேட்கலாம். பிளேட்டைக் கழற்றி விரலில் தொங்கவிட்டு மரக் கைபிடியால் மெல்லத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று பாடும். வெடித்தது மொத்தென்று சொல்லும்.

இதுவரை சொன்னது பிளேட்டின் பிடி. கல்லின் பிடி இன்னும் மோசம்.

நம் முற்றங்களில் கல் அறுப்பவர் குந்தியிருப்பார். சாரம் கட்டியிருப்பார். காலில் செருப்பு, சிலவேளை அதுவும் இல்லை. கல்லை அமத்திப் பிடித்திருப்பது இடது பாதம். கிரைண்டர் இரண்டு கைகளுக்கு இடையில், தொடைகளுக்கு நேரே. பக்கக் கைபிடி கழற்றி வைக்கப்பட்டிருக்கும். இப்போது வெட்டு முக்கால்வாசி இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கல்லின் இரண்டு பாதியும் சற்று உட்சாய்ந்து பிளேட்டைக் கவ்வுகின்றன. பிளேட் நின்றாக வேண்டும், மோட்டார் நிற்காது. பிளேட் நுனியின் மேற்பாதி கல்லில் சிக்கினால் கிரைண்டர் அப்படியே ஏறிப் பிடித்தவரை நோக்கிப் பாயும். கை விலகுவதற்கு நேரம் இருக்காது. மனிதன் திடுக்கிடுவதற்கே கால் செக்கன் வேண்டும், அதற்குள் பிளேட் நாற்பது சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். தொடையின் உட்புறத்தில் பெரிய நாடி ஓடுகிறது. அங்கே வெட்டு விழுந்தால் செய்ய வேண்டியது ஒன்றே: கிடைத்த துணியை வைத்து முழுப் பாரத்தையும் போட்டு அமத்திப் பிடித்தபடி 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைப்பது. என்ன ஏது என்று துணியைத் தூக்கித் தூக்கிப் பார்க்கக் கூடாது.

ஆற்றுக்கல், உருண்டைக்கல் என்றால் இன்னும் கேடு. பிளேட் தொட்டதும் அது உருள்கிறது. உருண்டதும் வெட்டு கோணுகிறது. கோணிய வெட்டுக்குள் தகடு முறுகுகிறது. மணிக்கல் வெட்டுபவர்கள் வைத்திருக்கும் அறுவை இயந்திரத்தைப் பார்த்தால் இதற்கான பதில் கிடைக்கும். கல் ஒரு கிடுக்கியில் இறுக்கப்பட்டிருக்கும். கிடுக்கி தண்டவாளத்தில் நேர்கோட்டில் மட்டும் நகரும். பிளேட்டின் கீழ்விளிம்பு தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்ந்து சுற்றும். பத்திஞ்சிப் பிளேட் நிமிடத்துக்கு 2,000 சுற்றளவில் ஓட, விளிம்பு வேகம் செக்கனுக்கு 27 மீற்றர்; கிரைண்டரில் பாதி கூட இல்லை. அவர்கள் அவசரப்படுவதில்லை. ஒரு கல்லுக்கு அரை மணி ஆனாலும் ஆகட்டும் என்று விட்டுவிடுவார்கள். கையில் பிடித்த கிரைண்டரை அந்த இயந்திரத்தின் தம்பி என்று யாராவது நினைத்தால் அது பிழை. இரண்டும் வேறு சாதி.

எல்லாரும் அந்த இயந்திரம் வாங்க முடியாது. வாங்கவும் வேண்டியதில்லை. வாசற்படிக் கல்லுக்கும் மேடைக்கல்லுக்கும் பழைய கல்தச்சரின் வழியைப் பாதி எடுத்துக்கொண்டாலே போதும். கல்லை மணல் மூட்டை மேலோ மரச்சட்டத்துக்குள்ளோ அசையாமல் இருத்தி, கோடு நெடுக ஒரு சென்ரிமீற்றர் ஆழம் மட்டும் கீறி, பிறகு ஆப்பு வைத்தோ அகன்ற உளியால் தட்டியோ பிளப்பது. நைஸுக்கு வரி உண்டு; வரியோடு போனால் நன்றாகவே பிளக்கும். குறுக்கே போனால் சொல்பேச்சுக் கேட்காது, உண்மைதான். ஆனால் கீறலின் ஆழம் குறைந்தால் பிளேட் கவ்வப்படுவதில்லை, சூடு குறைகிறது, தூளும் குறைகிறது. கீறும்போதும் பத்துப் பதினைந்து செக்கனுக்கு ஒருமுறை வெளியே எடுத்து வெறுமனே சுற்றவிட்டால் காற்றே தகட்டை ஆற்றிவிடும்.

தண்ணீர் விட்டு அறுப்பது எல்லா வகையிலும் மேல். ஆனால் போத்தல் மூடியில் துளை போட்டுச் சாதாரணக் கிரைண்டரின் மேல் சொட்டவிடுவதை என்னால் ஒருக்காலும் ஒப்ப முடியாது. 230 வோல்ற் மின்சாரமும் சேற்றுத் தண்ணீரும் வெறுங்காலும் ஓரிடத்தில் சேர்கின்றன. தண்ணீர்க் குழாயோடு செய்யப்பட்ட கட்டர் தனியாக விற்கிறது. அதைக்கூட 30 மில்லி அம்பியரில் விழும் ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பிலிருந்துதான் ஓட்ட வேண்டும். அந்தச் சுவிட்சில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கிறது. அமத்தினால் அது விழுகிறதா என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

பெரிய விபத்துத்தான் வெளியே தெரியும். 2010 செப்டம்பர் 17ஆம் திகதி, கரடியனாறு பொலிஸ் நிலையத்தில், வீதி வேலைக்குக் கல் உடைக்க வைத்திருந்த வெடிமருந்து வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்டத்தில் கல்லின் பெயரால் நடந்த பெரும் துயரம் அது, உலகச் செய்தியானது. முற்றத்தில் ஒருவர் கண் போவதும் விரல் போவதும் செய்தியாவதில்லை. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைகளுக்குத்தான். வீட்டு முற்றம் அதன் கண்ணில் படாது. காவல் தகடு இருக்கிறதா என்று பார்க்க எந்த அதிகாரியும் படலையைத் திறந்துகொண்டு வரப்போவதில்லை.

கடைசியாக, சத்தமே இல்லாமல் நடக்கும் கேடு ஒன்று. 20 சென்ரிமீற்றர் நீளம், 2 சென்ரிமீற்றர் ஆழம் வெட்டினால் பிளேட் தின்று துப்பும் கல்தூள் ஏறத்தாழ 23 கிராம். அதில் மூன்றிலொரு பங்கு குவார்ட்ஸ் என்று கொண்டால் 7 கிராமுக்கு மேல். எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி அனுமதிக்கும் நுண் குவார்ட்ஸ் ஒரு கன மீற்றர் காற்றுக்கு 0.05 மில்லிகிராம். பன்னிரண்டடி அறை ஒன்றின் காற்று முழுவதையும் அந்த எல்லைக்குக் கொண்டுபோக இரண்டரை மில்லிகிராம் போதும். அதாவது வெட்டில் வந்த குவார்ட்ஸில் மூவாயிரத்தில் ஒரு பங்கு நுண்தூளாக மிதந்தாலே எல்லை எட்டிவிடும். கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புழுதி மூக்கிலேயே தங்கிவிடும்.  மில்லிமீற்றரில் ஆயிரத்தில் நான்கு பங்குக்கும் சிறிய தூள்தான் நுரையீரலின் அடிக்குப் போய் உட்கார்ந்து, அதை மெல்ல மெல்லத் தழும்பாக்குகிறது. சிலிக்கோசிஸ் என்று பெயர். திருப்பி எடுக்க மருந்து இல்லை.

குஜராத்தின் கம்பாத் நகரத்தில் இது வீட்டுக்குள் நடந்தது. அகேட் மணிக்கல்லைச் சாணைக்கல் சக்கரத்தில் தேய்க்கும் தொழில் அங்கே பெரும்பாலும் குடிசைத் தொழில். சக்கரம் வீட்டிலேயே இருக்கும். தேய்த்தவருக்கு மட்டுமல்ல, சக்கரத்தைத் தொட்டே இராத வீட்டாருக்கும் அயலாருக்கும் நோய் வந்ததை அகமதாபாத்தின் தேசியத் தொழில் நல நிறுவனம் பதிவு செய்தது. அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் குசினி மேடைக்கான செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளையே தடைசெய்தது. அதில் குவார்ட்ஸ் தொண்ணூறு வீதத்தைத் தாண்டும். நம் கருங்கல் அவ்வளவு கொடியதல்ல. ஆனால் நம் மேசன் கட்டியிருப்பது லேஞ்சித் துண்டு. அது பெரிய புழுதியைத் தடுத்து, நல்ல காற்று என்ற நம்பிக்கையை மட்டும் கொடுக்கிறது. முகத்தோடு ஒட்டி உட்காரும் என்-95 தரத்துக்குக் குறைந்த எதுவும் பயனில்லை. தாடி இருந்தால் அதுவும் ஒட்டாது. விறாந்தையில் வெட்டாமல் வெளியே காற்றோட்டத்துக்கு முதுகு காட்டி வெட்டுவது, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் இருப்பது, வேலை முடிந்து தூளை விளக்குமாற்றால் கூட்டாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது, போட்டிருந்த சாரத்தை வீட்டுக்குள் உதறாமல் இருப்பது, இவற்றுக்குக் காசு செலவில்லை.

கண்ணுக்குக் கட்டாயம் பக்கம் மூடிய கண்ணாடி. வெயிற்கண்ணாடி உடைந்தால் அதுவே கண்ணுக்குள் போகும். புதிதாக மாட்டிய பிளேட்டை முதலில் யாரும் எதிரே நிற்காமல் ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். கழல வேண்டியது பெரும்பாலும் அப்போதே கழலும். கழற்றிய காவல் தகடு வீட்டில் எங்காவது கிடக்கும். தேடி எடுத்து இன்றே மாட்டுங்கள். இனி ஒரு துண்டு விழுந்த பிளேட், நீலம் பாய்ந்த பிளேட், தட்டினால் பாடாத பிளேட் எதுவாக இருந்தாலும் அதை வேலியோரத்தில் வீச வேண்டாம், பழைய இரும்புக்காரரிடமும் அப்படியே கொடுக்க வேண்டாம். கல்லில் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்து இரண்டாக மடித்துவிட்டுப் போடுங்கள். வட்டமாக இருக்கும் வரை அதை எடுத்து மாட்டிப் பார்க்க ஊரில் யாரோ ஒருவர் இருப்பார்.